தயவுசெய்து ஜன்னலை மூடாதீர்கள்

ஒரு ஜன்னலுக்காகக் கடல் தாண்டிப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இதைச் சொன்னால் மலேசியாவில், டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியில் எல்லாரும் சிரிக்கிறார்கள். "இந்தியா போனியே, எத்தனை கோயில் பாத்த? சேலை என்ன எடுத்த?" என்று கேட்கிறார்கள். கோயிலும் பார்க்கவில்லை, சேலையும் எடுக்கவில்லை. நீராவி ரயிலில், திறந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மலை ஏறப் போனேன். அவ்வளவுதான்.

சிரிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த ஊரில் ஓடுகிற வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் முகத்தில் கடைசியாகக் காற்று பட்டு எத்தனை வருஷம் ஆகிறது? எங்கள் தீவின் கொடிமலை ரயிலில் சின்ன வயதில் ஜன்னலை இறக்கிவிட்டுக் கையை நீட்டுவோம், அப்பா அடிப்பார். இப்போது அது கண்ணாடிப் பெட்டி. உள்ளே குளிர், வெளியே காடு, நடுவே யாரோ ஒருவருடைய செல்ஃபி. அக்கரைக்குப் போகும் ஃபெரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று உப்புக்காற்றை வாயில் வாங்குவோம். இப்போது உள்ளே போய்க் குளிர்சாதனத்தில் உட்காரச் சொல்கிறார்கள். தொழிற்சாலை பஸ்ஸில் ஜன்னல் இருக்கிறது, ஆனால் திறக்காது. தீவில் நாலு பக்கமும் கடல், எங்கு பார்த்தாலும் காற்று. அதைத் தொடத்தான் யாரும் விடுவதில்லை.

மற்றவர்களுக்கு இது பெரிய விஷயமாக இல்லாமல் இருக்கலாம். எனக்கு ஆத்திரம் வருவதற்குக் காரணம் உண்டு.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக வேலை செய்கிறேன். கிளீன் ரூம். அந்தக் கட்டடத்தில் ஜன்னல் என்ற பொருளே கிடையாது. உள்ளே போகும் முன்னால் தலைக்கு ஒரு மூடி, அதற்கு மேல் இன்னொரு மூடி, முகத்துக்கு மாஸ்க், கழுத்திலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு, கையுறை, பூட்ஸ். அப்புறம் ஏர் ஷவர் என்று ஓர் அலமாரி மாதிரி அறை. அதில் கையைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி நிற்க வேண்டும், எல்லாப் பக்கமிருந்தும் காற்று வந்து நம்மேல் இருக்கும் தூசியை ஊதித் தள்ளும். என் வாழ்க்கையில் அதிகமாகக் காற்று வாங்கியது அங்கேதான்.

பவுடர் கூடாது, மை கூடாது, பொட்டு கூடாது. எல்லாம் தூள், எல்லாம் துகள். நாங்கள் பார்ட்டிக்கல் என்போம். கண்ணுக்குத் தெரியாத ஒரு பார்ட்டிக்கல் விழுந்தாலே ஒரு தட்டு சிலிக்கன் குப்பைக்குப் போய்விடும். ஒரு தைப்பூசத்தன்று விடியற்காலையில் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்துக்கொண்டு ஏறினேன். படி இறங்கி, உடை மாற்றி, மதிய ஷிஃப்டுக்குப் போனேன். உடை மாற்றும் அறை வாசலில் நின்ற ஆள் என் நெற்றியைப் பார்த்துவிட்டு ஆல்கஹால் துடைப்பானை நீட்டினான். முருகனுக்கு முன்னால் பூசிக்கொண்ட திருநீறு. நானே துடைத்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் துடைத்தேன், அதை மறைக்கமாட்டேன். சம்பளம் வேண்டுமே.

அதே வரிசையில் எனக்குப் பக்கத்து மேசையில் இருப்பவர் ஸ்டெல்லா அக்கா. மாதா கோயில் பக்கத்தில் வீடு, என்னைவிட நாலு வயது மூத்தவர், பயந்த சுபாவம். முகமூடிக்குள் இருபத்தாறு வருஷம் கண்ணை மட்டும் பார்த்தே பேசிப் பழகியவர்கள் நாங்கள். ஒரு நாள் கேன்டீனில் அவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீராவி ரயில். ஒரு பெண் ஜன்னலில் சாய்ந்திருக்கிறாள், தலைமுடி வெளியே பறக்கிறது.

"முடி பறக்குது பாரு வாசுகி," என்றார் அக்கா.

நான் மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் முடி வெளியே பறந்து எத்தனை காலம் ஆகிறது? வேலையில் மூடிக்குள், வீட்டில் கொண்டையில். நாற்பத்தொன்பது வயதில் இது ஒரு ஆசையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வருஷ லீவைச் சேர்த்து வைத்து இரண்டு பேரும் கிளம்பிவிட்டோம்.

முதல் நாள், கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு வெளியே வந்தவுடன் வாடகைக் கார். ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் பொத்தானை அமுக்கினேன். இறங்கவில்லை.

"ஏசி போட்டிருக்குதுங்க. கண்ணாடிய எறக்காதீங்கம்மா, தூசி," என்றார் டிரைவர். தன் பக்கத்திலிருந்தே பூட்டி வைத்திருக்கிறார், குழந்தைகளுக்குப் பூட்டுகிற மாதிரி.

"தூசி பரவால்ல தம்பி. நாங்க அதுக்குத்தான் வந்தோம்."

அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார், திறக்கவில்லை. காரமடை வருவதற்குள் ஏசி ஒரு இருமல் இருமி நின்றுபோனது. சரி, இப்போதாவது திறப்பார் என்று பார்த்தால், ஜன்னல் பொத்தானும் வேலை செய்யவில்லை. ஏதோ ஃபியூஸாம். உச்சி வெயிலில் நாலு கண்ணாடியும் ஏறிய காருக்குள் இட்லி மாதிரி வெந்தோம். ஸ்டெல்லா அக்கா ஜெபமாலையை எடுத்துவிட்டார். கடைசியில் நான் "நிறுத்துங்க தம்பி" என்று கத்தி, ஒரு டீக்கடை முன்னால் நாலு கதவையும் திறந்து போட்டுக்கொண்டு நின்றோம். அந்தத் தம்பியும் நனைந்த சட்டையோடு இறங்கி, "மழைக்காலத்துல இப்படி ஆனதே இல்லீங்க," என்றார். இது என்ன சமாதானம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டீ கட்டைவிரல் உயரக் கிளாஸில் வந்தது. எங்கள் ஊர் தே தாரிக் ஒரு கோப்பையில் இவர்கள் நாலு பேருக்கு ஊற்றிவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு மடக்கில் இஞ்சி நெஞ்சு வரை இறங்கியது. நல்லது நல்லதுதான், சொல்லித்தான் ஆகவேண்டும்.

இரண்டாம் நாள் மேட்டுப்பாளையம். தங்கிய விடுதிக்காரம்மா காலையில் சந்தகை போட்டார். பார்க்க எங்கள் ஊரில் புட்டு மாயம் என்கிற இடியாப்பம் போலத்தான், ஆனால் வெல்லம் கலந்த தேங்காய்ப்பாலில் நனைத்துச் சாப்பிட வேண்டும். நான் மூன்று தடவை வாங்கினேன். அந்தச் சந்தகை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இனிமேல் நல்ல வார்த்தைக்கு இடம் கிடைக்குமோ கிடைக்காதோ.

சாப்பிட்டு முடித்ததும் அந்தம்மா ஆசையாகக் கேட்டார்: "மலேசியாவுங்களா? பரவால்லீங்களே, தமிழ் நல்லாப் பேசறீங்க. எங்க கத்துக்கிட்டீங்க?"

முந்தின நாள் டிரைவர் கேட்டார், டீக்கடைக்காரர் கேட்டார், இது மூன்றாவது. "எங்கம்மாகிட்டம்மா," என்றேன். "நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்டெல்லா அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். "வாயை வெச்சிட்டு சும்மா இருலா," என்றார் வெளியே வந்ததும். "நாளைக்கு டிரெயின்ல ஏறுற வரைக்கும் யார்கூடயும் சண்ட போடாத."

சரி என்றேன். ஏறும்வரை போடவில்லை, அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன்.

மூன்றாம் நாள் காலை. ஆவி விட்டுக்கொண்டு இன்ஜின் நின்றது, பெட்டிகளுக்குப் பின்னால். முன்னால் நின்று இழுக்கும் என்று நினைத்திருந்தோம். "மலைக்கு இது பின்னாடி இருந்து தள்ளுமுங்க," என்றார் பிளாட்பாரத்தில் டீ விற்றவர். "இன்னைக்குக் கரி இன்ஜின். எண்ணெய் இன்ஜின்னா இவ்வளவு பொகை வராது. உங்க அதிர்ஷ்டம்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆனா வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்திருக்கீங்க."

ஆமாம், வெள்ளைச் சட்டைதான். இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய புதுப் பருத்திச் சட்டை. கரி இன்ஜினைப் பார்க்க வெள்ளையில் வந்திருக்கிறாளே என்று நீங்களும் நினைக்கலாம். இருபத்தாறு வருஷம் வெள்ளையில் இருந்தவளுக்குக் கடையில் கை எங்கே போகும்? ஸ்டெல்லா அக்காவும் வெள்ளைதான். போதாக்குறைக்கு மாஸ்க்கும் ஒரு பாக்கெட் ஈரத் துடைப்பான்களும்.

எங்கள் தடுப்பில் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு. என் இடம் ஜன்னல் ஓரம். அதில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவள் போலத் தலைமுடியை நேராக இழுத்துப் பளபளவென்று விட்டிருந்தாள். நித்யா என்று பெயர், அவர் நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டதில் தெரிந்துகொண்டேன். சென்னைக்காரர்கள்.

"அது என் சீட்டுங்க," என்றேன்.

"லேடீஸுக்கு ஜன்னல் ஓரம் ஒத்துக்காது மேடம். காத்து, புகை எல்லாம் வரும். நீங்க உள்ள உக்காருங்க, சேஃபா இருக்கும்."

என்ன அக்கறை! என் டிக்கெட்டை அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். எழுந்து மனைவியோடு எதிர் பெஞ்சுக்கு மாறினார், ஆனால் மாறும்போதே தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்துக் கேட்டார்: "இதுல ஏசி இல்லையா?"

நீராவி ரயில். நெருப்பும் தண்ணீரும் சேர்ந்து ஓடுகிற வண்டி. அதில் ஏறி ஏசி கேட்கிறார். என் காதால் கேட்டேன், ஸ்டெல்லா அக்கா சாட்சி.

வண்டி நகர்ந்தது. மர ஜன்னல் சட்டத்தை மேலே தூக்கிக் கொக்கியில் மாட்டினேன். பாக்குத் தோப்புகளும் ஆற்றுப் பாலமும் ஓடி வந்தன. சமவெளியில் வண்டி கொஞ்சம் வேகமாகவே போனது. காலை ஈரத்தோடு காற்று முகத்தில் அறைந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொண்டை ஊசியைப் பிடுங்கலாம் என்று கையைக் கொண்டு போனேன்.

"மேடம், கொஞ்சம் மூடிடுங்க," என்றார் எதிரே இருந்தவர்.

"ஏங்க?"

"ஒய்ஃபுக்கு ஹேர் கலையுது. மேல போய் போட்டோ எடுக்கணும்."

"காத்து வேணாம்னா காருல போயிருக்கலாமே. ரோடு இருக்குல்ல?"

"நீங்க ஃபாரின்லேர்ந்து வந்திருக்கீங்க, உங்களுக்குத் தெரியாது. இப்ப டன்னல் வரும், புகை பூரா உள்ள வரும்."

"புகைக்குத்தாங்க வந்தோம்."

அவர் கையை நீட்டிச் சட்டத்தை இறக்கினார். நான் ஏற்றினேன். அவர் பாதி இறக்கினார். நான் முழுசாக ஏற்றினேன். "பாதி வெச்சிக்கலாம் வாசுகி, விடுலா," என்றார் ஸ்டெல்லா அக்கா, நடுவில் மாட்டிக்கொண்டு. எதில்தான் பாதி வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை இவர்? சம்பளத்தில் பாதி, லீவில் பாதி, இப்போது காற்றிலும் பாதி. "அக்கா, இருவத்தாறு வருசமா முழுசா மூடிதான் கெடந்தோம். மூணு மணி நேரம் முழுசாத் தொறந்திருந்தா யாரும் சாவமாட்டாங்க," என்றேன். அடுத்த தடுப்பிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

"கத்தாதீங்க மேடம்," என்றார் கறுப்புக் கண்ணாடி.

"இன்னும் கத்தவே இல்ல."

அவர் போனை எடுத்துக்கொண்டு எதிர்ப் பக்கத்து மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாகவே மலையைப் படம் எடுக்க ஆரம்பித்தார். நான் கொண்டையை அவிழ்த்தேன். பாதி நரைத்த முடி தோள் வரை விழுந்தது.

என்ன அநியாயம் பாருங்கள், அப்போது பார்த்து ஏற்றம் தொடங்கிவிட்டது. பல் வைத்த தண்டவாளத்தைக் கவ்விக் கவ்விப் பின்னாலிருந்து இன்ஜின் தள்ள, வண்டி நடந்து போகிறவனுக்கு வழி விடுகிற வேகத்துக்கு வந்துவிட்டது. இந்த வேகத்தில் எந்த முடி பறக்கும்? வீடியோவில் அந்தப் பெண் எப்படிப் பறக்கவிட்டாள், யாராவது விசிறியா பிடித்தார்கள்? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பள்ளத்தின் அடியிலிருந்து அவ்வப்போது ஒரு சில்லென்ற மூச்சு மேலே வரும். முடி லேசாக அசையும். சரி, இதுவும் காற்றுதான் என்று முகத்தை நீட்டி வைத்துக்கொண்டேன்.

முதல் சுரங்கம் வந்தது. இருட்டு, இரைச்சல், சுவரில் மோதித் திரும்பிய புகை, எல்லாரும் ஊளை. வெளிச்சத்துக்கு வந்தவுடன் என் வெள்ளைச் சட்டையின் முன்கையில் ஒரு கறுப்புப் புள்ளி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மிளகைப் பாதியாக உடைத்த அளவு.

"பார்ட்டிக்கல்!"

கத்தியது நான்தான். அதே மூச்சில் ஸ்டெல்லா அக்காவும் "பார்ட்டிக்கல்!" என்று கத்தி, இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கி, உறைந்துபோய் நின்றார். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். துகளைக் கண்டால் கத்த வேண்டும், அசையக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் உடனே சிலிக்கன் தட்டுப் பெட்டியை மூட வேண்டும். என் கை என்னைக் கேட்கவில்லை. கொக்கியைத் தட்டிவிட்டது. மரச் சட்டம் டமார் என்று விழுந்தது.

ஜன்னலை மூடிவிட்டேன். நானே.

 கையைத் தூக்கியபடியே நின்ற ஸ்டெல்லா அக்கா மெல்ல இறக்கினார். கறுப்புக் கண்ணாடிக்காரர் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி, "இதத்தானே மேடம் நான் அப்பலேர்ந்து சொல்றேன்," என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இன்னும் மோசம். என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கையை எனக்கு அம்மா கொடுத்தாள், எப்போது அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்? பொட்டை எடுத்தார்கள், திருநீற்றை எடுத்தார்கள், போகட்டும், வேலை நேரம் என்று விட்டேன். இங்கே ஷிஃப்ட் இல்லை, மேலாளர் இல்லை, லீவெடுத்துக் கடல் தாண்டி ஒரு மலையில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கேயும் அவர்கள் வேலையைத்தான் இந்தக் கை செய்கிறது. எனக்கு அழுகை வந்தது. ஆற்றாமையில் வருகிற அழுகை, மூக்கை எரிக்கும்.

"ஏன்க்கா?" என்றாள் நித்யா. அதுவரை அவள் வாயைத் திறக்கவில்லை. "அவ்வளவு சண்டை போட்டீங்க. நீங்களே ஏன் மூடுனீங்க?"

சொன்னேன். தொழிற்சாலையை, மூடிகளை, ஏர் ஷவரை, துகளை, எல்லாம். பாதியில் ஸ்டெல்லா அக்கா வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னார். நித்யா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "எங்க ஆபீஸ்லயும் ஜன்னல் திறக்காதுக்கா. பதினோராவது மாடி. மழை பெஞ்சா போன் பாத்துத்தான் தெரியும்," என்றாள். சொல்லிவிட்டு எழுந்து வந்து, என் முழங்காலுக்கு மேலே குனிந்து, சட்டத்தைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள்.

"நித்யா, ஹேர்..." என்றார் அவர்.

"இருக்கட்டும்."

ஹில்குரோவ் என்ற சின்ன ஸ்டேஷனில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கி வடை தின்றோம். எண்ணெய் வடிய, ஓரம் கருக, பருப்பு வடை. ஒரு குரங்கு ஜன்னல் வழியாக உள்ளே போய், வடைப் பொட்டலத்தை விட்டுவிட்டு, ஸ்டெல்லா அக்காவின் ஈரத் துடைப்பான் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறியது. ஒவ்வொன்றாக உருவி, முகர்ந்து பார்த்து, கீழே போட்டது. "என் வைப்ஸ்!" என்று அக்கா கூவினார். "அது கிளீன் ரூமுக்குள்ள போக ரெடியாவுதுக்கா," என்றேன். அன்றைக்கு நாங்கள் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தோம். நித்யாவின் கணவரும் சிரித்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுபடி ஏறியபோது அவர் இடத்தை மாற்றிக்கொண்டு மறுகோடிக்குப் போய்விட்டார். நித்யா எனக்கு எதிரே ஜன்னல் ஓரம் வந்தாள். ஏற்றம் கடுமையானது. பின்னாலிருந்து இன்ஜின் மூச்சு வாங்கும் சத்தம் பாறையில் மோதி எங்கள் காதுக்குத் திரும்பி வந்தது. ஒரு வளைவில் கரும்புகை அப்படியே கவிழ்ந்து பெட்டிமேல் விழுந்தது. கண்ணை மூடினேன். இடது புருவத்துக்கு மேலே சுருக்கென்று ஏதோ குத்தியது, உடனே எரிந்தது. நெருப்பாகவே வந்து விழுந்த கரித்துகள்.

என் வலது கை எழுந்தது. கொக்கி வரைக்கும் போனது. அதை இடது கையால் பிடித்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"நெத்தி சுட்டிருச்சு வாசுகி! மூடுலா! கண்ணுல பட்டா என்னாவும்?" என்று அக்கா பதறினார்.

"மூடமாட்டேன்."

"ரெத்தம் வருது!"

"வரட்டும்க்கா."

துடைக்க ஒன்றும் இல்லை, எல்லாம் குரங்கிடம். அக்கா தன் வெள்ளை முன்கையாலேயே என் நெற்றியை ஒற்றினார். கரியும் ரத்தமுமாக அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அவரும் மாஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, என் தோள்மேல் சாய்ந்து, முகத்தை ஜன்னலுக்குக் கொண்டுவந்தார். இருபத்தாறு வருஷத்தில் வேலைக்கு நடுவே நான் பார்த்ததெல்லாம் அவருடைய கண்களைத்தான். மாஸ்க் இல்லாமல் வாயைத் திறந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்த அந்த முகம் எனக்குப் புதிதாக இருந்தது.

குன்னூரில் இறங்கிக் குழாயடிக் கண்ணாடியில் பார்த்தபோது இரண்டு பேரும் அடுப்பங்கரையிலிருந்து வந்த பூனைகள் மாதிரி இருந்தோம். நித்யாவின் முடி சிலிர்த்துக்கொண்டு நின்றது. அவள் எங்களோடு ஒரு படம் எடுத்துக்கொண்டாள். கணவர்தான் எடுத்தார், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு. அன்று மத்தியானம் நாங்கள் சாப்பிட்ட சாப்பாடு சுமார். ரசம் மட்டும் பிழைத்தது.

நாலாம் நாள், ஐந்தாம் நாள் எல்லாம் மழை. விடுதியில் படுத்துக் கிடந்தோம். சொல்ல ஒன்றுமில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகும் காயம் ஆறி ஒரு கறுப்புப் புள்ளி நின்றது. கிளினிக்கில் காட்டினேன். தாதி அழுத்திப் பார்த்துவிட்டு, "கரித்தூள் தோலுக்கு அடியில தங்கிருச்சுக்கா. வலிக்காது. ஆனா இந்தக் கறுப்பு போவாது," என்றாள். போகவே போகாதா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட். தொழிற்சாலை பஸ், திறக்காத ஜன்னல், வழக்கமான குளிர். உடை மாற்றும் அறை வாசலில் புதிதாக வந்த ஆய்வாளர், சின்ன வயது மலாய்ப் பெண், மரியாதை தெரிந்தவள். என் நெற்றியைப் பார்த்ததும் பெட்டியிலிருந்து ஒரு துடைப்பானை உருவி நீட்டினாள்.

"மன்னிக்கணும் அக்கா. பொட்டைத் துடைத்துவிட்டு வாருங்கள்," என்றாள் மலாயில்.

வாங்கித் துடைத்தேன். அவள் பார்த்தாள். இன்னொன்று கொடுத்தாள். அதாலும் துடைத்தேன். மூன்றாவது துடைப்பானைத் தன் கையாலேயே எடுத்து, கிட்ட வந்து, மெதுவாகத் தேய்த்தாள். துடைப்பான் பளிச்சென்று வெள்ளையாகவே இருந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் ஸ்டெல்லா அக்கா எட்டி எட்டிப் பார்த்தார்.

"இது பொட்டு இல்லையா?"

"இல்லை. தோலுக்குள் இருக்கிறது."

"எங்கே இப்படி ஆயிற்று?"

"ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்," என்றேன்.

அவள் பட்டியலைப் பார்த்தாள். பவுடர், மை, பொட்டு, சாம்பல், நகப்பூச்சு, எல்லாம் அதில் இருந்தது. இது இல்லை. பட்டியலை மூடிவிட்டு, போகலாம் என்று தலையை அசைத்தாள்.

மூடி, அதற்கு மேல் மூடி, மாஸ்க், கையுறை, பூட்ஸ். ஏர் ஷவரில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். எல்லாப் பக்கமிருந்தும் காற்று வந்து அடித்தது. என்மேல் இருந்த தூசி, நூல், முடி, ஊரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த எல்லாவற்றையும் ஊதித் தள்ளியது. கதவு திறந்தது. அந்த ஒரு பார்ட்டிக்கல் மட்டும் என்னோடு உள்ளே வந்தது.